ஆ அறை

கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஆலைக்குப் பின்னால்
எங்கள் எலிக்கூடம்.
எனக்கு இரவு வேலை.
கூண்டு கழுவ, புட்டி நிறைக்க,
எது எத்தனை தடவை அழுத்தியது என்று எழுத.

அ அறையின் சுவரில் கறுப்புக் கோடுகள்,
மூலையில் வனிலா எசன்ஸ் ஒரு சொட்டு.
நெம்புகோலை அழுத்தினால்
விரல்நுனி அளவுக் குழியில் சாராயம் ஊறும்.
முதல் நாள் மூக்கைச் சுளித்தன.
ஐந்தாம் வாரம் ஷைனி மேடம்
அச்செடுத்த தாளைப் பார்த்து "ரெடியாயி" என்றார்.

ஆ அறையில் சுவர் வெறுமை, எலுமிச்சை வாசம்.
அதே நெம்புகோல், அதே சாராயம்.
கால் வைக்கும் கம்பிகளில் மட்டும் மின்சாரம்,
மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில்.
எந்த அழுத்தலுக்கு என்பது
எலிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.
கணினிக்குத் தெரியும்.

அடிபட்டால் கத்தாது என்றுதான் நினைத்திருந்தேன்.
கத்துமாம், நம் காதுக்கு எட்டாத சுருதியில்.
அதைக் கேட்கிற கருவி வாங்க
இன்னும் பணம் வரவில்லை.

ஆறே நாளில் நின்றுபோயிற்று.
கோலைப் பார்ப்பதும், பக்கத்தில் போவதும்,
மீசை தொட்டதும் பின்வாங்குவதுமாக
எல்லாம் நல்ல பிள்ளைகள்.
பதினொன்று மட்டும்
மல்லாந்து படுத்து
முதுகு மயிரைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு
முன்னங்காலை நீட்டி நீட்டி அழுத்தியது.
மேடம் சிரித்துவிட்டார்.
பிறகு, "அதினெ கணக்கில் கூட்டண்டா."

என் கதையும் உண்டு.
யாரையும் அடித்ததில்லை; கடன் வாங்கினேன்.
புதுச்சேரித் தென்னந்தோப்புக் கள்ளுக்கடையில்
வேலை முடிந்த காலையில் ரெண்டு குப்பி,
பிறகு வண்டியில் வாளையார் தாண்டி வீடு.
க.க.சாவடியில் ஊதச் சொன்னார்கள் ஒரு நாள்.
தினமும் நிறுத்தமாட்டார்கள்,
நிறுத்துகிற நாள் எது என்று சொல்லவும் மாட்டார்கள்.
பத்தாயிரம். லைசென்ஸ் ஆறு மாதம்.
மதுக்கரையில் எட்டு மாதமாக நான் தொடவில்லை.
"சென்னியப்பன் திருந்திட்டான்" என்று
அக்கா அமலாதேவி கோயிலில் தேங்காய் உடைத்தாள்.
நானும் நம்பினேன்.

திங்கட்கிழமை எலிகளைத் திரும்ப
அ அறைக்குக் கொண்டுபோனோம்.
கோடுகள். வனிலா.
மின்சாரம் கிடையாது. சாராயமும் கிடையாது,
குழி காய்ந்து கிடந்தது.
நான்காம் எலி நேரே போய்
தொண்ணூற்று நான்கு தடவை அழுத்தியது.
ஏழாவது எழுபத்தொன்று.
எழுதும்போது என் பேனா வழுக்கியது.

"அதுகள் நன்னாயிட்டில்ல, சென்னி" என்றார் மேடம்.
அந்த அறையில் அழுத்தக்கூடாது என்று படித்திருக்கின்றன,
அவ்வளவுதானாம்.

காலையில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.
தோப்பிலிருந்து புளித்த காற்று.
வீட்டில் எட்டு மாதமாகக் கனவில்கூட வராத வாசம்
இங்கே வாய்க்குள் நீராக நின்றது.
கோயம்புத்தூர் பஸ் வந்தது, போனது.
அடுத்ததும் வந்தது.
எத்தனையாவதில் ஏறினேன் என்பதை
நான் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தலைகளை எடுத்தார்கள்.
மூளையை அப்பளம்போல் சீவி
எந்த இடம் எரிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.
பதினொன்று கணக்கில் இல்லை;
என்ன செய்வது என்று கடிதம் வரும்வரை
கழுவுமிடத்து மூலையில் தனிக் கூண்டில் இருக்கிறது.
அங்கே கம்பி இல்லை, கோல் இல்லை,
உமிதான் மெத்தை.

தண்ணீர் மாற்றப் போனால்
என் செருப்புச் சத்தத்துக்கே
மல்லாந்து படுத்துக்கொள்கிறது,
முன்னங்காலை
காற்றில் நீட்டி.